ரீஃப் டேங்க் உப்பிலும் சப்ளிமென்ட்டிலும் வரும் மாசு: சேலத்துக்காரரின் முழுமையான வழிகாட்டி

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு வாரம். அஸ்தம்பட்டியில் என் வீட்டு ஹாலில் இருக்கும் 200 லிட்டர் ரீஃப் டேங்க்கில், அதாவது கோரல் (பவளம்) வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியை விட்டு நழுவி மணலில் மல்லாந்தன. எடுத்துத் திருப்பி வைத்தால் கால் மெதுவாகச் சுருங்கும், ஆனால் ஒட்டாது. மறுநாள் ஜோவான்தஸ் என்ற பூப்போன்ற கடலுயிர்கள் எல்லாம் மொட்டு மாதிரி மூடிக்கொண்டன. லெதர் கோரல் என்ற மென்பவளம் தலையைச் சுருக்கி மெழுகு பூசியது போல மினுங்கியது. மீன்களுக்கு ஒன்றுமில்லை, வழக்கம்போலத் தீனிக்கு ஓடி வந்தன.

மீன் நன்றாக இருந்து, முதுகெலும்பு இல்லாததெல்லாம் சாய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செம்பு. டேங்க்குக்குக் கீழே ஃபில்டர்கள் வைக்கும் தொட்டியான சம்ப்பில், உலோகத்தைப் பிடித்து நிறம் மாறும் பாலி ஃபில்டர் துண்டு ஒன்றைப் போட்டேன். இரண்டு நாளில் அந்த வெள்ளைப் பஞ்சின் ஓரத்தில் நீலம் ஏறியிருந்தது, செம்பின் அடையாளம்.

எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது ஒரு கரண்டி. முந்தைய மாதம் கோரலுக்குத் தினமும் விடும் சப்ளிமென்ட்டான கால்சியம் குளோரைடு தீர்ந்துபோய், டவுனில் ஒரு ரசாயனக் கடையில் சில்லறையாக வாங்கியிருந்தேன். "எல்லாம் ஒரே சரக்குதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் அள்ளிப் போட்ட கரண்டி, அதற்கு முன் பக்கத்துச் சாக்கில் குத்தி நின்றது. அந்தச் சாக்கில் இருந்தது முலாம் போடுகிறவர்கள் வாங்கும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். கண்ணால் பார்த்தும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தைக் கரைத்துச் செம்பு டெஸ்ட் போட்டதும் நிறம் உடனே மாறியது.

பதினோரு நத்தைகள், நான்கு வருடம் வளர்த்த லெதர் கோரல், பாதி ஜோவான்தஸ் போய்விட்டன. அதற்கப்புறம்தான் உப்பு, சப்ளிமென்ட் விஷயத்தில் நம்பிக்கையை விட்டுவிட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தேன். கடல் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நம் ஊரில், டேங்க்கில் இருக்கும் ஒவ்வொரு சொட்டும் நாம் வாங்கிக் கலந்தது. என்ன கலந்தோம் என்பதைத் தெரிந்துகொள்ளும் வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வாங்குவதற்கு முன் கணக்கு

ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் இருந்தால் 1 பிபிஎம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 பிபிபி. இயற்கைக் கடல் நீரில் செம்பு சுமார் கால் பிபிபிதான் இருக்கிறது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் 150 முதல் 200 பிபிபி வரை செம்பு வைத்து வைத்தியம் செய்கிறோம், மீன் தாங்கிக்கொள்கிறது. கோரல் அப்படி அல்ல. ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளில் சில கல்பவள இனங்களின் கருத்தரிப்பு 20 பிபிபி சுற்றுவட்டத்திலேயே பாதியாகக் குறைந்தது.

சரி, இப்போது உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல் நீர் தயாரிக்க சால்ட் மிக்ஸ் சுமார் 37 கிராம் தேவை. அந்தப் பொடியில் செம்பு 1 பிபிஎம், அதாவது கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால், கலந்த தண்ணீரில் 37 பிபிபி வந்துவிடும். மனிதர் சாப்பிடும் பொருளில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் செம்பு ஒரு பொருட்டே இல்லை. கோரலுக்கு அது அபாயக் கோட்டுக்கு மேலே. கடலில் இருக்கும் கால் பிபிபி அளவுக்குச் சமமாக உப்பு வேண்டுமென்றால் ஒரு டன் உப்பில் 7 மில்லிகிராம் செம்புதான் இருக்கலாம். ஓர் எள் ஏறக்குறைய 3 மில்லிகிராம் எடை. ஒரு டன் உப்புக்கு இரண்டு எள். அவ்வளவு சுத்தமாக எந்தத் தொழிற்சாலையும் உப்பு தராது. அதனால் நாம் தேடுவது மாசே இல்லாத உப்பை அல்ல. எவ்வளவு வருகிறது, வந்தது தங்குகிறதா, வெளியேறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தங்குவது, வெளியேறுவது விஷயம்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. உப்பு வழியாக வரும் மாசுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. புதுத் தண்ணீரில் 5 பிபிபி செம்பு இருந்தால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் உப்பு காரணமாக டேங்க் 5 பிபிபியைத் தாண்டாது, ஏனென்றால் ஊற்றும் அளவுக்கு எடுக்கவும் செய்கிறோம். ஆனால் ஆவியான தண்ணீருக்குப் பதிலாக ஊற்றுவதும், தினமும் விடும் சப்ளிமென்ட்டும் அப்படி அல்ல. தண்ணீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. கால்சியத்தைக் கோரல் எலும்பாக்கிக்கொள்ளும், கூட வந்த அழுக்கு டேங்க்கிலேயே நிற்கும். மாதம் 10% தண்ணீர் மாற்றுகிறவருக்கு, இந்த வழியில் வரும் மாசு ஏறத்தாழ பத்து மாதச் சேர்க்கை அளவுக்கு ஏறி அங்கே போய் நிற்கும். கொஞ்சம் கோரல் சளியிலும் பாசியிலும் ஒட்டி, நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் வழியாக வெளியேறும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

ஆகவே சந்தேகப்பட வேண்டிய வரிசை: முதலில் தண்ணீர், பிறகு தினமும் விடும் சப்ளிமென்ட், அப்புறம்தான் உப்பு. கடையில் எல்லோரும் இதைத் தலைகீழாகக் கேட்கிறார்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்

சேலத்துக் கோடையில் சில்லர் இல்லாதவர்கள் ஃபேன் வைத்துத்தான் டேங்க்கைக் குளிர வைக்கிறோம். என் 200 லிட்டரில் ஃபேன் ஓடும் நாளில் 5 லிட்டர் வரை ஆவியாகிறது. வருடம் முழுக்க அப்படியே போனால் 1,825 லிட்டர். டேங்க்கின் கொள்ளளவைப் போல ஒன்பது மடங்கு தண்ணீர் உள்ளே வந்து, அதில் கரைந்திருப்பதை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. ஊற்றும் தண்ணீரில் வெறும் 10 பிபிபி செம்பு இருந்தால் வருட முடிவில் 90 பிபிபி சேர்ந்திருக்கும். இந்த ஒரு கணக்கைப் பார்த்த பிறகு, உப்பு எந்த பிராண்டு என்ற கேள்வி எனக்குச் சின்னதாகிவிட்டது.

நம் வீடுகளுக்கு மேட்டூர்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும், அதைத் தொட்டியில் தேக்கிக்கொள்வோம், போதாததற்கு போர் தண்ணீரும் அதில் கலக்கும். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவான டிடிஎஸ் ஒரு வாரம் 250 காட்டும், அடுத்த வாரம் 900 காட்டும். அதனால் ஆர்ஓ மெம்பிரேனுக்குப் பின்னால், அது விட்டதையும் பிடிக்கும் டிஐ ரெசின் கட்டாயம் வேண்டும். மெம்பிரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளீச்சிங் பவுடர் குளோரின் மெம்பிரேனைத் தின்றுவிடும்.

சமையலறைச் சுவரில் இருக்கும் குடிநீர் ஆர்ஓவில் இருந்து பிடிக்காதீர்கள். இப்போது விற்கும் பல மாடல்களில் செம்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் உண்டு. உடம்புக்கு நல்லது என்று அதைப் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள், மனிதருக்கு அது சரியாகவே இருக்கலாம். ரீஃப் டேங்க்குக்கு அது நேரடியான விஷம். செம்பு இல்லாத மாடலிலும் மினரல் கார்ட்ரிட்ஜ் இருக்கும், அல்லது ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும். 20 லிட்டர் கேன் தண்ணீரும் இதே கதைதான். மெம்பிரேனில் இருந்து நேராக ஒரு கிளைக் குழாய் எடுத்து அதன் முனையில் டிஐ மாட்டச் சொன்னால் சர்வீஸ் ஆள் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். இணைப்பில் பித்தளை எதுவும் இருக்கக்கூடாது, எல்லாம் பிளாஸ்டிக்.

டிஐக்குப் பிறகு மீட்டர் 0 காட்ட வேண்டும். 1 காட்டினாலே ரெசினை மாற்றுங்கள். தீர்ந்துபோன ரெசின் சும்மா இருப்பதில்லை. முன்பு தளர்வாகப் பிடித்து வைத்திருந்த சிலிக்கா மாதிரியான பொருட்களை மொத்தமாகத் திருப்பி விடும். டிடிஎஸ் மீட்டர் மின் கடத்துவதைத்தான் அளக்கிறது, சிலிக்கா அதில் சரியாகத் தெரியாது. ரெசின் மாற்றிய சில நாளில் கண்ணாடியில் படியும் பழுப்புப் படலம் குறைந்தால் காரணம் புரிந்துவிடும்.

ஏற்காட்டில் இருக்கும் நண்பர்கள் மழைநீர் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். சேர்வராயன் மலை மழை சுத்தம்தான், ஆனால் அது இறங்கி வரும் கூரையும் பிடிக்கும் டிரம்மும் அப்படி என்று சொல்ல முடியாது. காபித் தோட்டங்களில் இலைத்துரு நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அந்தக் கலவை இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் ரீஃப் டேங்க்குக்கு எடுக்கக்கூடாது. மழைநீரையும் டிஐ வழியாக விட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: உப்பு

முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடுகிறேன். தூத்துக்குடி, வேதாரண்யம் கல்லுப்பும் கடலில் இருந்து வந்ததுதானே, அதைக் கரைத்தால் கடல் நீர் வந்துவிடாதா? வராது. உப்பளத்தில் நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட், பிறகு ஜிப்சம், அதற்கப்புறம் சோடியம் குளோரைடு. மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் போய்விடும். நம் கைக்கு வருவது கடலின் ஒரு பகுதி மட்டும். பாக்கெட் உப்பு இன்னும் மோசம். விற்கும் இடத்தில் 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. லிட்டருக்கு 27 கிராம் என்று அதைக் கரைத்தால் 0.4 பிபிஎம் அயோடின் வரும், கடலில் இருப்பது 0.06தான். கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் ஃபெர்ரோசயனைடு வேறு. ரத்தசோகைக்காக இரும்பு சேர்த்த உப்பும் கடையில் கிடைக்கிறது, அதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

ரீஃப் சால்ட் மிக்ஸ் என்பது ஏழெட்டு உப்புகளின் கலவை. அதில் பலவீனமான கண்ணி பெரும்பாலும் மக்னீசியம் குளோரைடு. ஈரத்தை இழுக்கும், கசப்பு நீரில் இருந்து எடுப்பதால் புரோமைடு கூடவே வரும், அம்மோனியாவும் ஒட்டிக்கொண்டு வரும். புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரில் அம்மோனியா டெஸ்ட் லேசாக நிறம் காட்டினால் பயப்பட வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டேங்க்கில் பாக்டீரியா அதைத் தின்றுவிடும். ஆனால் புது மீனைத் தனியாக வைக்கும் காலித் தொட்டியில் முழுக்க அந்தத் தண்ணீரை நிரப்பினால் பிரச்சினை வரும். டெஸ்ட் கிட் சாலிசிலேட் வகையா என்று பார்த்து வாங்குங்கள். சில சால்ட் மிக்ஸில் இருக்கும் குளோரின் நீக்கி, நெஸ்லர் வகை டெஸ்ட்டைக் குழப்பிவிடும்.

புது பேட்ச் வந்ததும் நான் செய்வது இது. உப்பு பக்கெட்டை மூடியோடு தரையில் படுக்கவைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் உருட்டுவேன். லாரியில் வரும் வழியில் நுண்ணிய பொடி கீழே இறங்கி, பருமன் மேலே நிற்கும். உருட்டாமல் மேலே இருந்து அள்ளினால் ஒரு வாரம் கால்சியம் கூடும், அடுத்த வாரம் மக்னீசியம் கூடும். அதை மாசு என்று நினைத்து ஓடியிருக்கிறேன். பிறகு புதிதாக வாங்கிய, உணவுக்கு உகந்த வெள்ளை பக்கெட்டில் 10 லிட்டர் டிஐ தண்ணீர் எடுத்து, சின்ன பம்ப் ஒன்றை ஓடவிட்டு, 370 கிராம் உப்பை மெதுவாகத் தூவுவேன். தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பில் தண்ணீரை ஊற்றக்கூடாது. அடர்த்தியான கரைசலில் கால்சியமும் பைகார்பனேட்டும் உடனே சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். வெப்பநிலையையும் கவனியுங்கள். மே மாதம் மொட்டை மாடி அறையில் வைத்துக் கலந்தால் தண்ணீர் 34 டிகிரி தாண்டும், சூட்டில் கால்சியம் கார்பனேட் இன்னும் எளிதாகப் படியும். 25, 26 டிகிரியில் வீட்டுக்குள் வைத்துக் கலப்பதுதான் சரி.

ஒரு நாள் கழித்துப் பம்ப்பை நிறுத்தி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, அடியைப் பாருங்கள். வெள்ளை பக்கெட் கேட்டது இதற்குத்தான். அடியில் இருப்பதைக் காகிதக் காபி ஃபில்டரில் வடித்து, காய்ந்ததும் ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விடுங்கள். நுரைத்துக் கரைந்தால் கார்பனேட், கலந்த விதத்தில்தான் கோளாறு. நுரைக்காமல் வெள்ளையாகவே நின்றால் ஜிப்சம் அல்லது களிமண். துரு நிறமாக இருந்தால் இரும்பு, அது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு வழியாக வருவது. இவற்றில் கரையாமல் கிடக்கும் கசடு பெரிய ஆபத்து அல்ல, டேங்க்கில் ஊற்றாமல் அடியில் விட்டுவிடலாம். ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதில்தான் இருக்கிறது.

அதனால் தெளிந்த நீரில் டெஸ்ட். உப்பளவு ஆயிரத்துக்கு 35, கால்சியம் 410 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1,280 முதல் 1,400 பிபிஎம், ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) பாக்கெட்டில் சொன்னதற்கு அருகில், பாஸ்பேட் கிட்டத்தட்ட பூஜ்யம். கூடவே உப்பு போடாத அதே டிஐ தண்ணீரிலும் அம்மோனியா, பாஸ்பேட் இரண்டையும் டெஸ்ட் செய்யுங்கள். அதிலும் நிறம் வந்தால் உப்பின் மேல் பழி போடுவது தப்பு. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது. 36.5 கிராம் சுத்தமான சோடியம் குளோரைடை 963.5 கிராம் டிஐ தண்ணீரில் கரைத்தால் அது ரிஃப்ராக்டோமீட்டரில் சரியாக 35 காட்ட வேண்டும். ஒரு பாட்டில் கலந்து மூடி வைத்தால் பல மாதம் வரும்.

உயிரோடு சோதிக்க ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்பு இறாலை எடுக்காதீர்கள். அது எதையும் தாங்கும் ஜீவன், அது நீந்துகிறது என்பதில் இருந்து எதுவும் தெரியவராது. அமெரிக்க விலங்கியலாளர் ரான் ஷிமெக் கடல் முள்ளெலியின் லார்வாக்களைப் பல பிராண்டு உப்பில் வளர்த்துப் பார்த்தார். சில உப்பில் நன்றாக வளர்ந்தன, சிலவற்றில் வளரவே இல்லை. அவர் எடுத்த முடிவுகளைப் பற்றி நிறைய வாதம் நடந்தது, ஆனால் லார்வா போன்ற மென்மையான உயிரை எடுத்தது சரியான தேர்வு. நம் வீட்டில் அதெல்லாம் முடியாது. நான் இரண்டு தலை ஜோவான்தஸ் துண்டு ஒன்றைப் புதுத் தண்ணீரில் இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன். விரிந்தால் நிம்மதி.

கடைசியாக, ஒவ்வொரு பேட்ச்சிலும் 100 கிராம் எடுத்து, காய்ந்த கண்ணாடி பாட்டிலில் போட்டு, பேட்ச் எண்ணும் திறந்த தேதியும் எழுதி வையுங்கள். ஏற்காட்டுக்காரர்கள் மூடிக்கு மேல் மெழுகும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மூடுபனிக் காலத்தில் எதுவும் காய்ந்து இருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஏதாவது தப்பானால், அந்த 100 கிராம்தான் சாட்சி.

நான்காம் படி: கால்சியம், ஆல்கலினிட்டி, மக்னீசியம்

என் டேங்க் நாளொன்றுக்கு 1 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு) ஆல்கலினிட்டி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டருக்கு அதை ஈடுகட்டத் தினமும் 6 கிராம் சோடியம் பைகார்பனேட்டும், அதற்கு ஈடான கால்சியத்துக்கு 5.2 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும் வேண்டும். வருடத்துக்கு கால்சியம் குளோரைடு மட்டும் 1.9 கிலோ. நம் ஊர் லேப் கெமிக்கல் பாட்டில்களின் லேபிளில் மாசுகளின் உச்ச வரம்பு என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். அதில் கன உலோகங்கள் 0.0005% என்று போட்டிருந்தால் அது 5 பிபிஎம். 1.9 கிலோவில் அதிகபட்சம் 9.5 மில்லிகிராம். 200 லிட்டரில் பிரித்தால் வருடத்துக்கு 48 பிபிபி. இது உச்ச வரம்புதான், உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் லேபிளே இல்லாத சாக்கில் அந்த வரம்பு கூட இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

தரத்தின் பெயர்களைப் பொறுத்தவரை, ஏஆர் என்றால் பகுப்பாய்வுத் தரம், எல்ஆர் என்றால் சாதாரண ஆய்வகத் தரம், ஐபி என்றால் இந்திய மருந்தியல் நூலின் தரம். மருந்துத் தரம் என்றதும் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அந்த வரம்புகள் மனித உடம்புக்காக வைத்தவை, கோரலுக்கு வேண்டிய பிபிபி கணக்கில் யாரும் அதைச் சோதிப்பதில்லை. ஆனாலும் கமர்ஷியல் சாக்கைவிட ஐபியோ ஏஆரோ எவ்வளவோ மேல். என் சிபாரிசு: கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் ஏஆர் அல்லது பெயர் பெற்ற ரீஃப் நிறுவனத்துடையது, சீல் உடையாத பாட்டிலில். தினமும் அதிகம் போவது இவைதான், காசை இங்கே செலவழியுங்கள்.

ஆல்கலினிட்டிக்கு ஆப்ப சோடா போதும், ஆனால் பாக்கெட்டில் சோடியம் பைகார்பனேட் என்று மட்டும் இருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் பேக்கிங் பவுடரை மாற்றி எடுத்துவிட்டால் மாவுச்சத்தும் பாஸ்பேட்டும், சிலவற்றில் அலுமினியமும் உள்ளே போகும். எப்சம் உப்பு உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும், துத்தநாகம் கலந்த நுண்ணூட்டக் கலவைகளும் அதே அலமாரியில், அதே தராசில்தான். மருந்துக்கடையில் ஐபி தரம் கேட்டு வாங்குங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து கால்க்வாசராக, அதாவது கால்சியமும் ஆல்கலினிட்டியும் தரும் சுண்ணாம்பு நீராக, விடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். சுட்ட கல்லைப் பொறுத்து என்ன வந்திருக்கும் என்று தெரியாது, சிலவற்றில் நிறமும் சேர்த்திருப்பார்கள். ஏஆர் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி லிட்டருக்கு 2 கிராம் கலந்து, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் விடுங்கள். கால்க்வாசரின் பெரிய நன்மை இதுதான்: அந்த அதிகக் காரத்தில் செம்பு மாதிரியான பல உலோகங்கள் அடியில் கசடாகப் படிந்துவிடும். அடியைக் கலக்கி ஊற்றினால் அந்த நன்மை போச்சு. அடிக் கசடை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொட்டிக் கழுவிவிடுங்கள்.

நம் ஊர் மேக்னசைட் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளக்கல்பட்டி, கருப்பூர் பக்கம் போனால் வெள்ளைவெளேரென்று கிடக்கும், மக்னீசியம் கார்பனேட்தானே, கல்லைக் கரைத்து டேங்க்குக்கு விடும் ரியாக்டரில் போடலாமே என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த நரம்புகள் ஓடுவது டியூனைட் பாறையில். அதே பாறையில்தான் குரோமைட்டும் இருக்கிறது. இந்த வகைப் பாறைக்கு நிக்கலும் குரோமியமும் கூடப்பிறந்தவை. இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்ய அருமையான கல், டேங்க்குக்கு ஆகாது.

கையில் இருக்கும் பொருளில் செம்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. சாதாரண செம்பு டெஸ்ட் கிட் 50 பிபிபிக்குக் கீழே எதையும் காட்டாது, டேங்க் தண்ணீரில் அது பயன்படாது. ஆனால் கால்சியம் குளோரைடை 100 கிராம் எடுத்து ஒரு லிட்டர் டிஐ தண்ணீராகக் கரைத்து டெஸ்ட் போட்டால், பொடியில் அரை பிபிஎம் இருந்தாலே கிட் எட்டிப் பார்க்கும். அடர்த்தியான கரைசலில் நிறம் கொஞ்சம் மாறுபடும், அதனால் நிறமே வராததைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறம் வந்தால் மட்டும் அதை நம்பி, அந்தப் பாட்டிலை ஒதுக்கிவிடுங்கள். கரைக்கும்போது சூடாகும், மெதுவாகப் போடுங்கள்.

இன்னொன்று மாசு என்று சொல்ல முடியாது, ஆனால் அதே வேலையைச் செய்யும். கால்சியம் குளோரைடும் பைகார்பனேட்டும் விட்டால் கோரல் கால்சியம் கார்பனேட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் சாதாரண உப்பாக நிற்கும். மேலே சொன்ன அளவில் வருடத்துக்கு லிட்டருக்கு 7 கிராமுக்கு மேல். உப்பளவு ஏறுகிறதே என்று தண்ணீர் சேர்த்துக் குறைத்தால் மற்ற எல்லாத் தனிமமும் விகிதத்தில் குறைந்துவிடும். ஜெர்மனியின் ஹான்ஸ்-வெர்னர் பாலிங், சப்ளிமென்ட் விடும் தன் முறையில் சோடியம் குளோரைடு இல்லாத கனிம உப்பை மூன்றாவது பாட்டிலாகச் சேர்த்தது இதற்காகத்தான்.

டிரேஸ் எலிமென்ட் (மிகச் சிறு அளவில் இருக்கும் தனிமங்கள்) பாட்டில்கள் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. உள்ளே என்ன, எவ்வளவு என்று எண்ணாகப் போடாத எதையும் வாங்காதீர்கள். நிறம் கூடும் என்ற வாக்குறுதி ஒரு அளவு ஆகாது. ஸ்ட்ரான்சியம் உப்போடு பேரியம் கூட வருவது வழக்கம். டெஸ்ட்டில் குறைவு என்று தெரியாமல் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: உப்பைக் குற்றம் சொல்லும் முன்

பாஸ்பேட் ஏறினால் தீனியைப் பாருங்கள். உலர் தீனியில் பாஸ்பரஸ் 1% அளவில் இருக்கும். ஒரு கிராம் தீனி 30 மில்லிகிராம் பாஸ்பேட் தரும், 200 லிட்டரில் அது 0.15 பிபிஎம். எந்த உப்பும் ஒரே நாளில் அவ்வளவு தராது. ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு கைப்பிடி டிஐ தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து பாஸ்பேட் டெஸ்ட் போடுங்கள், பாஸ்பாரிக் அமிலத்தில் தயாரித்த கார்பன் உடனே காட்டிக்கொடுக்கும். அலுமினியம் ஆக்சைடு வகைப் பாஸ்பேட் நீக்கியைப் போட்டதும் லெதர் கோரல் சுருங்கினால் அலுமினியத்தைச் சந்தேகப்படுங்கள். பம்ப் காந்தத்தின் மேலுறை வெடித்திருக்கிறதா, மூடியில் துருப்பிடித்த ஸ்க்ரூ சொட்டுகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த மூன்று டேங்க்கில் இரும்பு வந்தது இப்படித்தான்.

ஆறாம் படி: ஐசிபி

பல தனிமங்களைப் பிபிபி அளவில் ஒரே தடவையில் பார்க்க நமக்கு இருக்கும் வழி ஐசிபி என்ற ஆய்வகப் பரிசோதனை. மாதிரிக் குழாய் கிட்டை டீலர் மூலம் வாங்கி வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஒரே நேரத்தில் மூன்று குழாய் அனுப்புங்கள்: டிஐ தண்ணீர், புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர், டேங்க் தண்ணீர். டேங்க் தண்ணீர் மட்டும் அனுப்பினால் துத்தநாகம் கூடியிருப்பது தெரியும், எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. புது உப்பில் இல்லாமல் டேங்க்கில் இருந்தால் அது சப்ளிமென்ட் அல்லது பம்ப். டிஐயிலேயே இருந்தால் ரெசின். குழாயை நிரப்பும் முன் கை கழுவி, அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். செம்புச் சொம்பில் மொண்டு ஊற்றிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றை பிபிபி எண்களை வைத்துப் பதறாதீர்கள், கருவியின் எல்லையே அந்த இடம்தான். இரண்டு முறை தொடர்ந்து ஏறினால் மட்டும் காரணம் தேடுங்கள்.

ஏழாம் படி: மாட்டிக்கொண்டால்

எல்லா சப்ளிமென்ட்டையும் விடுவதை நிறுத்துங்கள். ஆல்கலினிட்டி இரண்டு மூன்று நாள் இறங்கினால் கோரல் சாகாது. புது கார்பனும் பாலி ஃபில்டரும் போடுங்கள், செம்பு உறுதி என்றால் குப்ரிசார்ப் மாதிரியான ரெசின். பழைய, நம்பிக்கையான பேட்ச் உப்பில் 30% வீதம் மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதற்காகவே ஒரு சிறு பக்கெட் பழைய பேட்ச் உப்பை எப்போதும் வைத்திருக்கிறேன். செம்பு கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வரும், அதனால் பாலி ஃபில்டரை நீலம் ஏறுவது நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆனது.

இறந்ததை ஈடுகட்ட அவசரமாகக் கோரல் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருந்து எடுத்த கல்பவளத்தை யார் மலிவாகத் தந்தாலும் தொடவே கூடாது, 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் இருக்கின்றன. முதலில் நான்கு நத்தைகளை விடுங்கள். நான் விட்டது ஜூலை மாதம், இரண்டாவது நாள் காலையில் நான்கும் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஏறி நின்று பாசியை மேய்ந்துகொண்டிருந்தன. அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் நண்பர் ஒருவர் தந்த லெதர் கோரல் துண்டை உள்ளே வைத்தேன்.